மழையில்லாமல் ஒழுகிய கூரை, தண்ணீரால் நின்ற ஃபர்னஸ்

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, விடிய நாலரை மணிக்கு அம்மா எங்கள் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, வீடு ஏன் இப்பிடிக் குளிருது?" கீழே போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் 21 வைத்திருக்கிறோம், வீடு 16இல் நிற்கிறது. வெளியே மைனஸ் 19.

அதே கிழமையில் மேல்மாடி நடைக்கூடத்தின் சீலிங்கில், குளியலறைக் கதவுக்கு நேர் மேலே, பழுப்பாக ஒரு கறை வந்தது. இரண்டு நாளில் அது சொட்டத் தொடங்கியது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒரு பிரச்சினை, கூரை இன்னொரு பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே தண்ணீர் என்று புரிய எனக்கு 11 நாள் எடுத்தது. அந்த 11 நாளில் செய்த சரியையும் பிழையையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் 1978இல் கட்டிய இரண்டு மாடி வீடு. ஃபர்னஸ் எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் 2011இல் பூட்டியது. அந்த வருடம் முக்கியம். கனடாவில் 2010இலிருந்து தயாராகும் வீட்டுக் காஸ் ஃபர்னஸ்கள் குறைந்தது 90 சதவீதத் திறன் உள்ளவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2019 நடுப்பகுதியிலிருந்து அது 95 ஆனது. அந்தத் திறனைப் பெற, புகையில் இருக்கும் நீராவி தண்ணீராகும்வரை புகையைக் குளிர வைத்து, அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கன மீற்றர் காஸ் எரிந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். பழைய ஃபர்னஸ்கள் அதைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிடும். இந்தப் புது வகையில் அதில் ஒரு பெரிய பங்கு தண்ணீராக ஒரு பிளாஸ்டிக் குழாயில் இறங்கி, பேஸ்மென்ட் நிலத்தில் உள்ள வடிகாலுக்குப் போகும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையின் முதல் பாதி.

முதல் இரவு

ஃபர்னஸ் செத்துப்போகவில்லை, முயன்றுகொண்டிருந்தது. 'ம்ம்ம்' என்று ஒரு விசிறி சுழலும். கொஞ்ச நேரத்தில் நிற்கும். பிறகு திரும்பவும் அதே சத்தம். நெருப்பு மட்டும் வரவில்லை.

இந்த இயந்திரம் எந்த ஒழுங்கில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் இன்டியூசர் என்கிற சின்ன விசிறி சுழன்று, எரியும் அறையின் காற்றை வெளிக்குழாய்ப் பக்கம் இழுக்கும். அந்த இழுவை போதுமா என்பதை ஒரு மெல்லிய றப்பர்க் குழாய் வழியாக பிரஷர் சுவிட்ச் உணரும். போதும் என்றால் சுவிட்ச் மூடும். அதன் பிறகுதான் இக்னைட்டர் செம்மஞ்சளாகப் பழுக்கும், காஸ் வால்வு திறக்கும், தீ பிடிக்கும். தீ பிடித்ததை ஃப்ளேம் சென்சர் சில மைக்ரோஅம்பியர் மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சொல்லும். இன்னும் அரை நிமிடம் அளவில் பெரிய விசிறி ஓடி சூடான காற்று வீட்டுக்குள் வரும். எந்தப் படியில் நிற்கிறது என்று பக்கத்தில் நின்று கவனித்தால் போதும், பழுது எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

எங்களுடையதில் இன்டியூசர் சுழன்றது, இக்னைட்டர் பழுக்கவில்லை. ஆகவே பிடித்து நிறுத்துவது பிரஷர் சுவிட்ச். சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் பலகையில் இருந்த சிவப்பு லைட் மூன்று தரம் மினுங்கி, ஓய்ந்து, மறுபடி மூன்று தரம் மினுங்கியது. கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளும் அதையே சொன்னது: பிரஷர் சுவிட்ச் மூடவில்லை. இந்த எண்ணிக்கை கம்பனிக்குக் கம்பனி மாறும், அதனால் உங்கள் கதவில் உள்ள தாளைத்தான் நம்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். சுவிட்ச் மூடவில்லை என்றால் சுவிட்ச் பழுது என்று எடுத்துக்கொள்கிறோம். அது செய்தி சொல்கிற ஆள். இழுவை போதாது என்று அது சொல்கிறது. ஏன் போதாது என்று நாம்தான் தேட வேண்டும். ஒரு 24 மணிநேர சேவைக்குப் போன் அடித்தேன். நான் சொன்ன குறியீட்டைக் கேட்டதும், போனை எடுத்தவர் எத்தனை வருடப் பழசு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப புதுசு போடுறதுதான் நல்லது" என்று 6,500 டொலருக்கு விலை சொன்னார். பார்க்காமலே! எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது. விடியப்புறம், குளிரில் நடுங்கும் வயதுபோன அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள்: அந்த நிலையில் யாரும் ஓம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல் அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்க முடியாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நாமே போன் எடுத்து அழைக்கும்போது அந்தச் சட்டம் நம்மைக் காப்பாற்றாது.

இன்னொரு ஆபத்து யூடியூபில் இருக்கிறது. பிரஷர் சுவிட்சின் இரண்டு வயர்களையும் சேர்த்துவிட்டால் ஃபர்னஸ் ஓடும் என்று காட்டும் வீடியோக்கள் உண்டு. ஓடத்தான் செய்யும். புகை வெளியே போகிறதா என்று பார்க்கும் ஒரே காவலாளியை நித்திரையாக்கிவிட்டு ஓடும். 2008 டிசம்பரில் இதே மாகாணத்தில், வுட்ஸ்டொக் நகரில், லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் கார்பன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, அலாரம் இருக்கவில்லை. வீடுகளில் அந்த அலாரத்தைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. எங்கள் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் மேற்கொண்டு கை வைத்தேன். காஸ் மணம் வந்தால் கை வைக்கவே கூடாது. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்து போன் அடிக்க வேண்டும். காஸ் குழாய், வால்வு, எரியும் பகுதி ஆகியவற்றைத் தொட ஒன்ராறியோவில் டிஎஸ்எஸ்ஏ என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் உள்ள காஸ் தொழில்நுட்பவியலாளருக்கே உரிமை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, இழுவை ஏன் போதாது? முதலில் வெளியே போனேன். வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள்: ஒன்று காற்றை எடுக்கும், மற்றது புகையை விடும். காற்று எடுக்கும் குழாயின் வாயில் உறைபனி வளையம் கட்டியிருந்தது, கீழே ஸ்னோ குவிந்து ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். தட்டிக் கழித்து, சவளால் வாரினேன். மாற்றம் இல்லை. ஃபில்டரையும் கழற்றிப் பார்த்தேன். ஊத்தையாக இருந்தது, ஆனால் அது இந்தப் படியோடு சம்பந்தப்பட்டதில்லை.

அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இன்டியூசர் ஓய்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே 'களக்' என்று ஒன்று. அரைச் செம்புத் தண்ணீரைச் சரித்து நிமிர்த்தினால் வருமே, அதே சத்தம். ஃபர்னஸுக்குள் தண்ணீர் நிற்கிறது!

மின்சாரத்தை நிறுத்தினேன். பிரஷர் சுவிட்சின் றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கழற்றினேன். குளிர்ந்த தண்ணீர் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. காற்றின் இழுவையை உணர வேண்டிய குழாயில் தண்ணீர் நின்றால் சுவிட்ச் எப்படி உணரும்? கீழே ஒரு வாளியும் பழைய துவாயும் வைத்துவிட்டு, தண்ணீர் வடிகுழாய்க்குள் இறங்குமுன் தேங்கும் சின்னக் கிண்ணமான ட்ராப்பைக் கழற்றினேன். ஒரு லீற்றருக்கு மேல் கொட்டியது. ட்ராப்புக்குள் பழுப்பாக, ஆறிய ஒடியல் கூழ் போல வழுவழுப்பான சளி. அதைப் பல்தூரிகையும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் வைத்துக் கழுவினேன். அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, கையுறை போட்டுக்கொள்வது நல்லது. திரும்பப் பூட்டும்போது ட்ராப்பைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் பூட்ட வேண்டும். வெறுமையாக விட்டால் அந்த வழியாக இன்டியூசர் காற்றை இழுக்கும், புகையும் கசியலாம்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இக்னைட்டர் பழுத்தது. நீலத் தீ வரிசையாகப் பிடித்தது. அம்மா காற்று வரும் துவாரத்துக்கு மேலே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் தரம்

பொங்கல் அன்று வீட்டில் 19 பேர். குசினியில் விடிய ஐந்து மணியிலிருந்து பால் பொங்கி, சோறு வடித்து, பாயாசம் காய்ச்சி, அடுப்பு அணையவே இல்லை. எல்லோரும் குளித்தார்கள். யன்னல் கண்ணாடிகள் வியர்த்து, கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் கோடாக ஓடியது. நடைக்கூடக் கறையை முதலில் கண்டது என் மகள். மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரை ஷிங்கிள்ஸ் போயிட்டுது மச்சான், வசந்தத்துக்கு முதல் மாத்து" என்றார். 20 வருடத்துக்கு மேலான கூரை, நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த நாள் இரவு ஃபர்னஸ் திரும்பவும் நின்றது. அதே மூன்று மினுங்கல்.

இந்த இரண்டாம் நிறுத்தம்தான் எனக்குப் படிப்பித்தது. ட்ராப்பைத் துப்பரவாக்கியபோது அடைப்பை எடுத்தேன். அடைப்பு ஏன் வந்தது என்று கேட்கவில்லை. நாலே நாளில் அவ்வளவு சளி வளராது. ஆகவே தண்ணீர் இன்னும் கீழே எங்கேயோ நிற்க வேண்டும். ட்ராப்பிலிருந்து வடிகால்வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். சுடுதண்ணீர்க் கொதிகலத்துக்குப் பின்னால் ஒரு டி வடிவ இணைப்பு. அதில் வேறொரு குழாய் வந்து சேர்ந்தது: வீட்டுக் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹியுமிடிஃபையரின் வடிகுழாய். இணைப்புக்கு அப்பால் குழாய் நேராகச் சரிந்து போக வேண்டிய இடத்தில், 18 கிலோ அரிசி மூட்டை ஒன்று அதன் மேல் சாய்ந்திருந்தது. பொங்கலுக்கு வருபவர்கள் இருக்க இடம் வேண்டும் என்று கார்த்திகை கடைசியில் நான்தான் மூட்டைகளை அந்த மூலைக்குத் தள்ளினேன். குழாய் நசுங்கி, அதற்கு முன்னால் தொட்டில் மாதிரித் தொங்கியது. அந்தத் தொட்டிலில் சளியும், ஹியுமிடிஃபையர் தண்ணீரின் வெள்ளைச் சுண்ணாம்புத் துகளும் சேர்ந்து குழாயை முக்கால்வாசி அடைத்திருந்தன.

மூட்டையை எடுத்து, அந்தத் துண்டுக் குழாயை வெட்டி எறிந்து, 12 டொலருக்குப் புதுக்குழாய் வாங்கி, சுவரில் கிளிப் அடித்து முழு நீளத்துக்கும் சரிவாக இறக்கினேன். ஹியுமிடிஃபையருக்குத் தனிக் குழாய். பிறகு ஒரு சோதனை செய்தேன். ஃபர்னஸ் குழாயை மட்டும் வாளிக்குள் விட்டு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பிடித்தேன்: 4 லீற்றர். அடுத்து ஹியுமிடிஃபையர் குழாயை அதே வாளிக்குள் விட்டேன். ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. எங்களுடையது தட்டையின் மேல் தண்ணீரை வழியவிட்டு, மிச்சத்தைக் கொட்டும் வகை. இது இவ்வளவு ஓடுகிறது என்றால் வீட்டுக்குள் எவ்வளவு ஈரத்தை ஏற்றுகிறது? அதன் குமிழைப் பார்த்தேன். 45 சதவீதத்தில் இருந்தது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த 45ஐப் பார்த்த பிறகுதான் சீலிங் கறையைப் பற்றி வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன்.

மழை எங்கே?

மூன்று கிழமையாக மழை இல்லை. கூரையில் இருந்த ஸ்னோ கல்லாக உறைந்திருந்தது. கறை தெரிந்த நாள் குளிர் தணியத் தொடங்கிய நாள். சொட்டத் தொடங்கிய நாள் வெப்பம் 3 பாகைக்கு ஏறிய நாள். ஷிங்கிள் ஓட்டை என்றால் அது ஏன் குளியலறைக்கு மேலே மட்டும்? மச்சானிடம் போனில் சொன்னேன். "மழையே பெய்யேல்லை எண்டால் தண்ணி எங்கால வந்தது?" என்று அவரே திருப்பிக் கேட்டார்.

சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் உள்ள அட்டிக்குக்குள் போகுமுன் ஒரு எச்சரிக்கை. 1990க்கு முந்திய வீடுகளில் சாம்பலும் பொன்னிறமுமாகச் சிறு கற்கள் போல வெர்மிகியூலைட் என்ற இன்சுலேஷன் இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்ததில் அஸ்பெஸ்டோஸ் கலந்திருந்தது. கண்டால் கலைக்காமல் மூடியைப் போட்டுவிட்டு, பரிசோதனைக்குக் கொடுப்பவர்களை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது இளஞ்சிவப்புக் கண்ணாடி நார். முகக்கவசம், நீளக்கை, தலைவிளக்கு, மரச்சட்டங்களுக்குக் குறுக்கே போட ஒரு பலகை. சட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் சீலிங்கோடு கீழே வருவோம்.

மூடியைத் தூக்கியதும் லைட் வெளிச்சத்தில் மேலே எல்லாம் மினுங்கியது. கூரைப் பலகையைத் துளைத்து வந்த ஒவ்வொரு ஆணி நுனியிலும் வெள்ளையாக ஒரு மொட்டு, நூற்றுக்கணக்கில். சில உருகி, நுனியில் தண்ணீர் மணி தொங்கியது. விரலை வைத்தேன், சொட்டு வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. அழகான காட்சி, வயிற்றைக் கலக்கும் காட்சியும்கூட. வடக்குப் பக்கப் பலகையில் கருமையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

குளியலறை விசிறியின் வெள்ளிநிற மடிப்புக் குழாய் கூரைத் துவாரத்திலிருந்து கழன்று, இன்சுலேஷன் மேல் மல்லாந்து கிடந்தது. அதன் வாயைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு நார் நனைந்து அமுங்கியிருந்தது. துணிநாடா டேப்பால் சுற்றியிருந்தார்கள். அது காய்ந்து உரிந்துவிட்டது. ஒவ்வொரு முழுக்கின் ஆவியையும் நாங்கள் பொத்தான் அழுத்தி அட்டிக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். அதோடு, மூடியின் விளிம்பில் ஒரு தடுப்புப் பட்டியும் இல்லை. வீட்டின் சூடான காற்று எப்போதும் மேலே ஏறும், இடுக்குக் கிடைத்தால் அட்டிக்குக்குள் புகும். 45 சதவீத ஈரத்தோடு புகுந்தால் கொண்டுபோவதும் அதிகம்.

கணக்கும் பொருந்தியது. 21 பாகையில் 45 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 8 அல்லது 9 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடும். 30 சதவீதம் என்றால் 3 பாகைக்குக் கிட்டப் போக வேண்டும். மைனஸ் 19இல் நிற்கும் ஆணி நுனிக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் வந்து சேரும் தண்ணீரின் அளவு வேறு. வெளியே மைனஸ் 10க்குக் கீழே போனால் வீட்டுக்குள் ஈரப்பதத்தை 30 சதவீத அளவில் வைக்கச் சொல்லிக் கனடிய வீட்டுவசதிக் கூட்டுத்தாபனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 15 டொலர் ஈரமானி ஒன்று வாங்கி வைத்தேன். முதல் இரவு 48 காட்டியது.

குளிர் கொஞ்சம் தணிந்த ஒரு சனிக்கிழமை வேலையை முடித்தேன். இன்சுலேஷன் சுற்றிய புதுக்குழாய், இரண்டு முனையிலும் உலோகப் பட்டியும் அலுமினியம் ஃபொயில் டேப்பும். குழாய்க்குள் நீர் படிந்தாலும் உள்ளே நிற்காதபடி சரிவு. விசிறிப் பெட்டியைச் சுற்றி இருந்த இடுக்குகளுக்கு சீலன்ட், மூடிக்குத் தடுப்புப் பட்டி. நனைந்த நாரை அள்ளிப் புதுசு பரப்பினேன். பூஞ்சணம் ஒரு சதுர மீற்றருக்குள் இருந்ததால் நானே துடைத்தேன். பெரிதாக இருந்திருந்தால் அதற்கென்று உள்ளவர்களைத்தான் கூப்பிட்டிருப்பேன். ஹியுமிடிஃபையர் குமிழை 30க்கு இறக்கினேன். கழிவறைக் கடதாசி ஒரு தாளை விசிறியின் கீழே பிடித்தேன். முன்பு கீழே விழுந்தது, இப்போது சட்டென்று ஒட்டிக்கொண்டது.

எல்லாம் சேர்த்து 190 டொலர் அளவு. அதற்கு மேல், சான்றிதழ் உள்ள ஒரு காஸ் தொழில்நுட்பவியலாளரை ஆறுதலாக அழைத்து 160 டொலர் கொடுத்து எரிதலையும் வெப்பமாற்றியையும் பார்க்கச் செய்தேன். தண்ணீர் நின்ற பகுதி பழுதாகியிருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. "அண்ணை, உள்ளுக்க நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்" என்றார். ஃப்ளேம் சென்சரை மட்டும் தேய்த்துப் பூட்டினார். அந்தக் காசை நான் வீண் செலவாக நினைக்கவில்லை. அவர் பார்த்ததை நான் பார்த்திருக்க முடியாது.

மாசி நடுப்பகுதியில் மறுபடி மைனஸ் 17 வந்தது. அதற்குப் பிறகு வந்த உருகும் நாளில் அட்டிக் மூடியைத் தூக்கினேன். ஆணிகள் துருநிறத்தில், உலர்ந்து நின்றன. ஈரமானி 31. யன்னல்களில் காலையில் மூலைகளில் மட்டும் கொஞ்சம் வியர்வை. சீலிங்கில் கறை மறைக்கும் பிரைமர் ஒரு கை அடித்து, அதன் மேல் வெள்ளை பூசினோம். நேராக வெள்ளை பூசினால் பழுப்பு திரும்ப ஊறி வரும். ஃபர்னஸ் கதவின் உட்பக்கத்தில், கம்பனித் தாளுக்குக் கீழே, என் மகள் தமிழில் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ட்ராப் கழுவிய திகதி, ஈரப்பதம் 30, அரிசி மூட்டை இந்தப் பக்கம் வைக்க வேண்டாம்.